குதிரை இழுக்கிறதா, பிடிப்பவர் இழுக்கிறாரா? மேலூர் காளைகளிடம் இருக்கும் பதில்

மேலூர் பக்கத்துக் கிராமங்களில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடுகளில் ஒரு காட்சி சாதாரணம். வாடிவாசலில் ஒருத்தரையும் திமிலைத் தொடவிடாத காளை, சாயங்காலம் ஆனால் அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பின்னால் கண்மாய்க்கு நடந்து போகும். பிள்ளையின் கையில் கயிறு இருக்கும், ஆனால் அது தொங்கிக்கொண்டிருக்கும். இழுபறி கிடையாது. "எங்க வீட்டு மாடு, ஒண்ணும் செய்யாது" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள்.

இப்போது இன்னொரு காட்சி. விடுமுறைக்குக் கொடைக்கானல் ஏரிக்கரை. உயரத்தில் அந்தக் காளையைவிடப் பெரிதாக இல்லாத ஒரு மட்டக்குதிரை. மேலே ஐந்து வயதுக் குழந்தை. கீழே ஒருவர் கயிற்றை முகத்துக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டே போகிறார். குதிரை தலையைத் தூக்குகிறது, அவரைத் தோளால் இடிக்கிறது, வழியில் புல் தெரிந்தால் அவரையும் சேர்த்து இழுத்துப் போகிறது. செல்ஃபி எடுக்கும் அப்பாவுக்கு அது ஒரு வேடிக்கை. குதிரைக்காரருக்கு அது தினமும் தோள்பட்டை வலி. மேலே இருக்கும் குழந்தைக்கு அது என்னவாக முடியும் என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அந்தக் குதிரையை "முரட்டுக் குதிரை", "திமிர் பிடிச்சது" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முட்டுவதற்கென்றே தயார் செய்யப்படும் காளை வீட்டில் ஒரு பிள்ளைக்கு அடங்கி நடக்கும்போது, சுமப்பதற்கென்றே பழக்கப்பட்ட மட்டக்குதிரை ஏன் ஒரு ஆண்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது? வித்தியாசம் மிருகத்தில் இருப்பதைவிட கயிற்றைப் பிடிக்கும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது.

இழுப்பது வேறு, இடிப்பது வேறு

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 58 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 147 சென்டிமீட்டருக்குள் உயரம் இருந்தால் பொதுவாக மட்டக்குதிரை என்பார்கள். பெயரில் "மட்டம்" இருந்தாலும் எடை மனிதரைப் போல மூன்று, நான்கு மடங்கு. கையில் பிடித்து நடத்தும்போது இது இரண்டு விதமான தொல்லை தரும்.

ஒன்று, இழுப்பது. லாயம் இருக்கும் திசைக்கு, தீவனத்துக்கு, கூட்டாளிக் குதிரைக்கு என்று முன்னால் பாயும். குதிரை கூட்டமாக வாழ்ந்து பழகிய மிருகம். கூடவே நின்ற குதிரை கண்ணைவிட்டு மறைந்தால் அதற்குப் பதற்றம் வந்துவிடும். அந்த இழுப்பில் திமிரைவிட பயமே அதிகமாக இருக்கும்.

இரண்டு, இடிப்பது. பக்கத்தில் நடப்பவரை ஒரு மனுஷனாகவே மதிக்காமல் தோளால் தள்ளிக்கொண்டு போவது. வாசலில் நெருக்கியடித்து நுழைவது, கையில் இருக்கும் கேரட்டுக்காகச் சட்டைப் பையை முட்டுவது எல்லாம் இந்த வகை. இது பெரும்பாலும் சின்ன வயதில் செல்லமாகத் தொடங்கும். குட்டி வந்து முட்டும்போது சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர்கள்தான், "தள்ளினால் வழி கிடைக்கும்" என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். 20 கிலோவில் அழகாக இருந்தது 250 கிலோவில் ஆபத்தாகிவிடுகிறது.

இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய மூன்றாவது விஷயமும் உண்டு. வலி. வாயில் புண், கூரான பல் உரசுவது, சரியாக அடிக்காத லாடம், முதுகில் சேணம் அறுத்த காயம் இவற்றில் எது இருந்தாலும் குதிரை நிம்மதியாக நடக்காது. நேற்றுவரை ஒழுங்காக வந்த குதிரை இன்று திடீரென்று இழுத்தால், முதலில் கூப்பிட வேண்டியது கால்நடை மருத்துவரை. சாட்டையைத் தேடுவது அதற்கப்புறம்கூடத் தேவைப்படாது.

கயிற்றை இழுத்தால் குதிரையும் ஏன் இழுக்கிறது?

ஒருவர் திடீரென்று உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வீர்கள்? உடம்பு தானாகவே எதிர்ப்பக்கம் சாயும். குதிரைக்கும் அப்படித்தான். தொடர்ந்து அழுத்தம் வந்தால் அதை எதிர்த்துச் சாய்வது அதன் இயல்பு. அழுத்தத்துக்கு விட்டுக்கொடுப்பதை அது கற்றுக்கொள்ள வேண்டும். யாராவது கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

கற்றுக்கொடுப்பதின் சூட்சுமம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. கயிற்றில் லேசாக ஒரு அழுத்தம். குதிரை அரை அடி விட்டுக்கொடுத்தாலும் அந்த நொடியே கயிறு தளர வேண்டும். "ஓ, இப்படி நகர்ந்தால் தொல்லை நின்றுவிடுகிறது" என்று அது புரிந்துகொள்கிறது. சம்பளம் மாதிரி யோசித்துப் பாருங்கள். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே திட்டு என்றால் யார் வேலை செய்வார்கள்? எப்போதும் கயிற்றை முறுக்கிப் பிடித்திருப்பவரிடம் குதிரைக்குச் சம்பளமே கிடையாது. இழுத்தாலும் இறுக்கம், இழுக்காவிட்டாலும் இறுக்கம். அப்புறம் அது ஏன் இழுக்காமல் இருக்க வேண்டும்?

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. குதிரை ஒருமுறை இழுத்துக்கொண்டு ஓடி, பிடித்தவர் கயிற்றை விட்டுவிட்டால், குதிரைக்கு அன்றைக்கு முழுச் சம்பளம். பலத்தால் ஜெயிக்கலாம் என்ற பாடத்தை அது மறக்காது. அதனால்தான் பலப்பரீட்சையே தொடங்கக்கூடாது என்கிறார்கள் பழக்குபவர்கள். 70 கிலோ மனிதர் 250 கிலோ மிருகத்திடம் இழுபறியில் ஜெயிக்கப்போவதில்லை. ஜெயிப்பது மாதிரித் தெரிவதெல்லாம், தன் பலம் தனக்கே தெரியாத குதிரை போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுத்ததுதான்.

இது மேல்நாட்டுப் புது ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். கிரேக்க எழுத்தாளர் செனோஃபோன் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே குதிரை பழக்குவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே, சொன்னதைச் செய்ததும் அதை இலகுவாக்கு என்பதே அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை.

பாண்டிய நாடு 700 வருடத்துக்கு முன்னால் செய்த தப்பு

மதுரைச் சீமைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. மேலூர் வட்டத்தில் இருக்கும் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போய்ப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த கதையும், நரி பரியான கதையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. பாண்டிய நாட்டுக்குக் குதிரை வெளியிலிருந்துதான் கப்பலில் வந்தது. அதற்குக் கொட்டிக்கொடுத்த பணமும் கொஞ்சநஞ்சமில்லை.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரச சகோதரர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரைகள் வாங்குவதாகவும், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். காரணம் என்று அவர் சொல்வதுதான் முக்கியம்: குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் தெளிவாகச் சொல்கிறார். வந்து இறங்கிய குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டிவைத்து, கொழுக்க வைத்து, பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் நேராக ஏறி ஓட்டினார்களாம். துடிப்பான குதிரைகள் கொஞ்ச நாளிலேயே மந்தமாகிப் பயனற்றுப் போயின என்பது அவர் குறிப்பு.

இருவரும் வெளியூர்க்காரர்கள், அவர்கள் பார்வையில் சாய்வு இருக்கலாம். ஆனாலும் அந்த வரிசையை ஒருமுறை கவனியுங்கள். நாள் முழுக்கக் கட்டிப்போடு, தானியத்தைக் கொட்டு, பழக்காதே, திடீரென்று வேலைக்கு இழு. இன்றைக்கும் இழுத்துத் தள்ளும் பல மட்டக்குதிரைகளின் தினசரி அட்டவணை இதுதானே? இயற்கையில் ஒரு குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை மேய்ந்துகொண்டே நடக்கும். அதை ஒரு முளையில் கட்டி, கொள்ளும் தவிடும் நிறையக் கொடுத்து, வாரக் கடைசியில் மட்டும் வெளியே கொண்டுவந்தால் அது பாயாமல் என்ன செய்யும்?

சந்தையில் கயிறு கை மாறினால் வியாபாரம் முடிந்தது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடக்கும் குருநாதசாமி கோயில் சந்தைக்கு இன்றைக்கும் காத்தியவார், மார்வார் குதிரைகள் முதல் நாட்டு மட்டக்குதிரைகள்வரை வருகின்றன. வாங்குபவர் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நிறம் பார்க்கிறார். "இதைக் கையில் பிடித்து ஒரு நூறு அடி நடத்திக் காட்டுங்க" என்றும் கேட்க வேண்டும். கயிறோடு குதிரை வருகிறது. யாரோ கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கமும் கூடவேதான் வருகிறது.

முள் கடிவாளம்: குறுக்குவழியின் விலை

இழுக்கும் குதிரைக்குப் பலரும் தேடும் மருந்து, வாய்க்குள் போடும் இரும்பைக் கடுமையாக்குவது. கூர்முனைகள் வைத்த கடிவாளம் அந்த வகை. காளைக்கு மூக்கணாங்கயிறு மாதிரி குதிரைக்கு இது என்று நியாயம் சொல்வார்கள்.

அந்த ஒப்பீடு தப்பு. குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி உண்டு. கடிவாளம் உட்கார்வது அங்கேதான். எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டுமே இருக்கும் இடம் அது. அங்கே முள் குத்தினால் குதிரை வலியிலிருந்து தப்பிக்கப் பார்க்கும். தலையைத் தூக்கும், வாயைத் திறக்கும், இன்னும் வேகமாக ஓடும். புண் ஆறித் தழும்பானால் அந்த இடம் மரத்துப்போகும். அப்புறம் இதைவிடக் கடுமையான இரும்பைத் தேட வேண்டியதுதான்.

சட்டமும் இதை ஏற்கவில்லை. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் மிருகங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த 1965-ஆம் ஆண்டு விதிகள், முள் வைத்த குச்சி, முள் வைத்த கடிவாளம் போன்றவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்கின்றன. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 மணிவரை கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. மேலூரின் சித்திரை வெயிலை நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி விதியைப் படியுங்கள்.

மீறினால்? 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதல் தடவைக் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரை. அன்றைக்கு அது ஒரு தொகை. இன்றைக்குக் குதிரைச் சவாரி ஒரு சுற்றுக்கு வாங்கும் கட்டணம் அதைவிட அதிகம். பயம் காட்டித் திருத்தும் வழி சட்டத்திலும் வேலை செய்யவில்லை, குதிரையிடமும் வேலை செய்யவில்லை.

சரி, என்னதான் செய்வது?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், அமைதியான, வேலி போட்ட இடம், போதும்.

1. தலைக்கயிறு சரியாக இருக்கட்டும். மூக்கின் மேல் வரும் பட்டை கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே உட்கார வேண்டும். அதற்கும் கீழே மூக்கெலும்பு மெலிந்து முடிகிறது. அங்கே இழுத்தால் வலியும் மூச்சுத் திணறலும்தான் மிச்சம். பிடிகயிறு எட்டுப் பத்து அடியாவது இருந்தால் நல்லது.

2. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விதி. குதிரை பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலை அறுக்கும், ஆளைத் தரையோடு இழுத்துப் போகும். மிச்சக் கயிற்றை மடித்துப் பிடிக்க வேண்டும். செருப்பு வேண்டாம், காலை மூடும் ஷூ வேண்டும்.

3. முன்னால் நின்று இழுக்காதீர்கள். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. பாய்ந்தால் முதலில் மிதிபடுவதும் முன்னால் நிற்பவர்தான். அதன் தோளுக்குப் பக்கத்தில், ஒரு கை இடைவெளி விட்டு நடப்பதே சரி.

4. முதல் பாடம் நிற்பது, இரண்டாவது பாடம் பின்வாங்குவது. இரண்டு அடி நட, நில். குதிரை தாண்டிப்போனால் லேசாகக் கயிற்றைப் பின்னோக்கி அசைத்து ஓரடி பின்வாங்கச் சொல்லுங்கள். வாங்கியதும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். கழுத்தைத் தடவிக்கொடுங்கள். மறுபடி நட.

5. பாய்ந்தால் நேராக இழுக்காமல் வளைத்துத் திருப்புங்கள். நேர்கோட்டில் குதிரையின் முழுப் பலமும் வேலை செய்யும். தலை பக்கவாட்டில் திரும்பினால் அந்தப் பலம் பாதியாகும். சின்ன வட்டமாகத் திருப்பி, நின்றதும் கயிற்றைத் தளர்த்த வேண்டும். அது போக நினைத்த திசைக்கு, அமைதியான பிறகு, நீங்கள் கூட்டிப்போக வேண்டும்.

6. இடிக்க வந்தால் நீங்கள் நகராதீர்கள், அதை நகர்த்துங்கள். விரல் நுனியால் தோளில் அழுத்தி, ஒரு அடி தள்ளி நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். இடித்த குதிரைக்குத் தின்பண்டம் கொடுப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். சுற்றுலாப் பயணிகளும்தான்.

7. முடியாத இடத்தில் வீம்பு வேண்டாம். ஏற்கெனவே ஆளைக் கீழே தள்ளிய குதிரை என்றால் அனுபவசாலி இல்லாமல் தொடக்கூடாது. சிறுவர்கள் கையில் அந்தக் கயிறு போகவே கூடாது. காயமோ நோயோ என்று சந்தேகம் வந்தால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம்.

"இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?"

குதிரை வைத்துப் பிழைப்பவரின் இந்தக் கேள்வி நியாயமானது. சீசன் இரண்டு மூன்று மாதம். குதிரை நின்றாலும் தீவனம் வாங்க வேண்டும். லாடம், மருந்து, இடத்துக்குக் காசு. இதில் பாடம் நடத்த நேரம் எங்கே என்பார். விலங்கு நேசம் பற்றி ஏசி அறையிலிருந்து அறிவுரை சொல்வது எளிது என்பதும் உண்மை. மும்பையில் விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2015-இல் சொன்னபோது, குதிரைகளின் கஷ்டத்தோடு வண்டிக்காரக் குடும்பங்களின் பிழைப்பும் சேர்ந்தே கேள்விக்குள்ளானது. தடை போட்டுவிட்டுக் கைகழுவுவது தீர்வில்லை.

ஆனால் நேரக் கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க இழுபறி செய்யும் குதிரையோடு எட்டு மணி நேரம் போராடுவது நேரம் இல்லையா? தோள்பட்டை விலகி ஒரு வாரம் படுத்தால் அது நேரம் இல்லையா? ஒரு குழந்தை விழுந்து, அந்த வீடியோ பரவி, ஏரிக்கரையில் சவாரியே நின்றுபோனால் அத்தனை குடும்பங்களின் சீசனும் போகாதா? பத்து நிமிடப் பாடம் செலவு மாதிரித் தெரியும் முதலீடு.

இந்த இடத்தில்தான் மேலூர்க் காளை மறுபடி நினைவுக்கு வர வேண்டும். காளை வளர்ப்பவரும் பணக்காரர் இல்லை. பெரும்பாலும் கூலி வேலையோ சின்ன விவசாயமோ பார்ப்பவர். ஆனாலும் காலையில் நடைப்பயிற்சி, கண்மாயில் நீச்சல், மண்குத்து, கையால் தீவனம், தினமும் அதே குரல் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் அதைத் தடவிக்கொடுத்து வளர்க்கிறார்கள். அதே காளை கூட்டத்திலும் சத்தத்திலும் மாட்டிக்கொண்டால் சொந்தக்காரரையே தூக்கி எறியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் வாடிவாசல் தாண்டி ஓடும் காளையைப் பிடிக்கும் இடத்தில் விவரம் தெரிந்தவர் எச்சரிக்கையாகவே நிற்பார். மிருகத்தின் மேல் பாசமும், அதன் பலத்தின் மேல் பயமும், இரண்டும் சேர்ந்த அறிவு அது. அந்த அறிவு இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. மட்டக்குதிரையின் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

யார் கேட்க வேண்டும்?

ஜல்லிக்கட்டுக்கு வரும் காளைக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, டோக்கன் உண்டு. குழந்தையைச் சுமக்கும் குதிரைக்கும் அதைப் பிடித்து நடத்துபவருக்கும் அப்படி ஒரு தகுதி கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை. சுற்றுலா இடங்களில் சவாரிக்கு அனுமதி கொடுக்கும் உள்ளாட்சி அமைப்புகள், கால்நடை பராமரிப்புத் துறையோடு சேர்ந்து குதிரைக்காரர்களுக்கு இரண்டு நாள் இலவசப் பயிற்சி நடத்தலாம். முள் கடிவாளத்தைப் பறிமுதல் செய்வதோடு நிற்காமல், அதற்குப் பதிலாகச் சாதாரணக் கடிவாளமும் நல்ல தலைக்கயிறும் கொடுக்கலாம். 50 ரூபாய் அபராதம் போடுவதைவிட அதனால் பலன் அதிகம்.

மக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சவாரிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ குதிரை பேசும்போது நிறத்தையும் அலங்காரத்தையும் பார்ப்பவர்கள் கயிற்றையும் ஒருமுறை பார்க்கட்டும். கயிறு தளர்ந்து, குதிரை தலையைத் தாழ்த்தி, பிடிப்பவரின் தோளோடு நடக்கிறதா? பிள்ளையை ஏற்றலாம். கயிறு விறைத்து, வாயில் நுரையோ ரத்தமோ தெரிந்து, ஆள் பின்னால் சாய்ந்து இழுக்கிறாரா? கூட ஐம்பது ரூபாய் ஆனாலும் அடுத்த குதிரைக்குப் போய்விடுங்கள். தளர்ந்த கயிற்றுக்குத்தான் கிராக்கி என்று தெரிந்தால், குதிரைக்காரர் தானாகவே அந்தப் பத்து நிமிடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

மேலூர் பக்கம் புரவி எடுப்புக்கு அய்யனாருக்குச் செய்யும் மண்குதிரையை ஊரே தோளில் சுமந்து போகும். அது இழுக்காது, இடிக்காது, போகச் சொன்ன இடத்துக்குப் போகும். உயிருள்ள குதிரையிடமும் அதையே எதிர்பார்க்கலாம். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.